ஐந்தாவது ஆள்

தாயக்கட்டை உருளாத தமிழ்க் குடும்பம் ஒன்று இருக்குமானால் அது மிகவும் சமர்த்தான குடும்பமாக இருக்க வேண்டும். அல்லது மிகவும் துர்ப்பாக்கியமான குடும்பமாக இருக்க வேண்டும். மற்ற வீடுகளில் சிவராத்திரிக்கும் வைகுண்ட ஏகாதசிக்கும் கண் விழிக்க வேண்டுமென்று சாக்குச் சொல்லிக்கொண்டு கூடத்தில் ஒரு கட்டத்தைப் போட்டுவிடுகிறார்கள். கண் விழிப்பது பகவானுக்காக. விழித்த பிறகு போடுகிற சண்டை முழுவதும் சொந்த உபயோகத்துக்காக.

அந்தக் கட்டத்தைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். சாக்கட்டியாலோ கரித்துண்டாலோ தரையில் போட்ட ஒரு சதுரம். பக்கத்துக்கு ஐந்து கட்டம், ஏழு கட்டம் என்று வீட்டுக்கு வீடு வேறுபடும். சதுரத்துக்கு நாலு பக்கம் என்பது மட்டும் எந்த வீட்டிலும் மாறாது. ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் பெருக்கல் குறி போட்ட ஒரு கட்டம், அதுதான் மலை. மலையில் நிற்கிற காயை யாரும் வெட்ட முடியாது. பக்கத்துக்கு ஒருவர் வீதம் நாலு பேர் உட்காரலாம். தாயம் விழுந்தால் காய் இறங்கும், சுற்றி வரும், வழியில் எதிரியின் காய் மாட்டினால் வெட்டும், கடைசியில் நடுக்கட்டத்துக்குப் போய்ப் பழமாகும்.

நாலு பேர் உட்கார்ந்து, இரண்டு காய் வெட்டுப்பட்டு, ஆட்டம் சூடு பிடித்திருக்கும் நேரத்தில் ஒருவர் வந்து நிற்கிறார். அடுத்த வீட்டுப் பையனாக இருக்கலாம். ஊரிலிருந்து வந்த சித்தப்பாவாக இருக்கலாம். சமையலறையை ஒழித்துப் போட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே வந்த மருமகளாகவும் இருக்கலாம். “நானும் வரட்டுமா?” என்று கேட்கிறார். இவர்தான் ஐந்தாவது ஆள்.

இவரை என்ன செய்வது? இதற்கெல்லாம் ஒரு கட்டுரையா என்று வாசகர்கள் கேட்கலாம். நாலு பேருக்கென்று அமைந்துவிட்ட ஓர் ஏற்பாட்டில் ஐந்தாவது மனிதருக்கு என்ன இடம் என்பது, குடும்பத்துக்கும் ஊருக்கும் தேசத்துக்கும் தினந்தோறும் வந்துகொண்டிருக்கிற கேள்வி. பெரிய இடங்களில் அது பெரிய வார்த்தைகளை உடுத்திக்கொண்டு வருகிறது. தாயக் கட்டத்தின் முன்னால் வெறும் ஆளாக வந்து நிற்கிறது. அதனால் இங்கேயே அதை நன்றாகப் பார்த்துவிடலாம்.

முதலில், நாலு பேருக்கு மேல் கூடாது என்பவர்களின் கட்சியைக் கேட்போம். அவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் அல்ல, கணக்குத் தெரிந்தவர்கள்.

பித்தளைத் தாயக்கட்டை இரண்டு. ஒவ்வொன்றுக்கும் நாலு முகம். ஒரு முகத்தில் புள்ளி கிடையாது. மற்ற மூன்றில் ஒன்று, இரண்டு, மூன்று. இரண்டையும் உருட்டினால் மொத்தம் 16 விதமாக விழலாம். அவற்றில் தாயம், அதாவது ஒன்று, விழுவது இரண்டே விதத்தில். ஆகவே எட்டுக்கு ஒரு தடவை என்பது சராசரி. நாலு பேர் ஆடும்போது ஒருவருக்கு எட்டு முறை வருவதற்குள் சுற்றில் 32 முறை கை மாறியிருக்கும். ஆறு பேர் ஆடினால் 48 முறை. ஒன்று, ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தவர்கள் மறுபடியும் உருட்டுவார்களே, அது தனி. காய் ஒன்றுகூட இறங்காமல் அத்தனை நேரம் உட்கார்ந்திருப்பவருக்குக் கொட்டாவி வராமல் வேறு என்ன வரும்?

இடமும் நெருக்கடியாகிவிடும். பக்கத்துக்கு ஏழு கட்டமுள்ள சதுரத்தில் வெளிச்சுற்றில் இருப்பவை 24 கட்டங்கள். ஆளுக்கு நாலு காய் என்றால், நாலு பேருக்கு 16 காய். ஓட இடம் இருக்கிறது, ஒளிய இடம் இருக்கிறது. ஆறு பேருக்கு 24 காய். கட்டத்துக்கு ஒரு காய்! அப்புறம் யோசனைக்கு வேலை ஏது? கண்ணை மூடிக்கொண்டு நகர்த்தினாலும் யாருடைய தலையாவது உருளும். ஆட்டத்தில் அதிர்ஷ்டமும் சாமர்த்தியமும் கலந்திருப்பதுதான் ருசி. ஆள் பெருகப் பெருகச் சாமர்த்தியத்தின் பங்கு குறைந்து அதிர்ஷ்டம் மட்டும் மிஞ்சுகிறது.

ஆகவே எண்ணிக்கைக்கு ஓர் அர்த்தம் இருக்கிறது. ஆட்டத்தைப் பெட்டியில் அடைத்து விற்கிறவர்கள் மூடியின் மேல் இத்தனை பேர் முதல் இத்தனை பேர் வரை என்று அச்சடிப்பதும் வெறும் அலங்காரம் அல்ல. இத்தனை பேர் வரை ஆடினால் யாரும் சலித்துப்போக மாட்டார்கள் என்று அவர்கள் கொடுக்கும் வாக்குறுதி அது.

இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகும் அந்த ஆள் இன்னும் நின்றுகொண்டுதான் இருக்கிறார்.

புதுச்சேரி நகரத்துக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆறு கடலைச் சேர்கிற முகத்துவாரத்தின் ஓரமாக இருக்கிறது தேங்காய்த்திட்டு. பெயரைக் கேட்டால் நீர் சூழ்ந்த மேடும் தென்னஞ்சோலையும் மனக்கண்முன் வரும். இன்று அங்கே போகிறவர்கள் முதலில் பார்ப்பது மீன்பிடித் துறைமுகத்தை. கழிமுகத்தில் அலையாத்திச் செடிகள். கரையோரம் வரிசையாக விசைப்படகுகள். கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், மீன்கள் இனம் பெருகட்டும் என்று விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது என்பது சட்டம். மீன்களுக்கு அது நல்ல காலம். மீனவர்களுக்கு வலையைச் சரி பார்க்கிற காலம். படகுக்கு வர்ணம் பூசுகிற காலம். பிற்பகலில் நிழல் தேடிக் கட்டம் போடுகிற காலம்.

அப்படி ஒரு பிற்பகலில் அங்கே நான் பார்த்த ஆட்டம் ஒன்று. சிமெண்டுத் தரையில் கரிக்கோடு. கிளிஞ்சல், கூழாங்கல், சோடா மூடி, புளியங்கொட்டை என்று நாலு வகைக் காய்கள். நரைத்த தலையோடு ஒரு பெரியவர், நடுவயதுக்காரர் இருவர், மீசை அரும்பிய ஓர் இளைஞன். வேறு ஊரிலிருந்து படகு வேலைக்கு வந்திருந்த ஒரு பையன் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவன், மெல்ல அருகில் வந்தான்.

“நானும் வரட்டுமா, அண்ணே?”

“நாலு பேர் இருக்கோமே, தம்பி. இந்த ஆட்டம் முடியட்டும்” என்றார் ஒருவர்.

“பாவம், குந்தட்டும். நடுவுல ரெண்டு தபா உருட்டிக்கட்டும். கணக்குல சேக்க வேணாம்” என்றார் மற்றவர்.

பெரியவர் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். “என் பக்கத்துல குந்து. கட்டைய நீ போடு, காய நான் நகத்தறேன். பழமானாலும் ரெண்டு பேருக்கும். வெட்டுப்பட்டாலும் ரெண்டு பேருக்கும்.”

பையன் உட்கார்ந்தான். மூன்றாவது சுற்றிலோ நான்காவது சுற்றிலோ அவன் உருட்டிய கட்டையில் ஐந்து விழுந்தது. மறுபடி உருட்டினான், மூன்று விழுந்தது. மலைக்கு இரண்டு கட்டம் முன்னால் நின்றிருந்த இளைஞனின் காயைப் பெரியவர் எடுத்துத் தரையில் வைத்தார். இளைஞனுக்கு முகம் சிவந்துவிட்டது.

“நேத்து வந்தவன் வெட்டறதா? அவன் ஆட்டத்துலயே சேர்த்தி இல்ல, பெரிப்பா!”

“சேத்தாச்சுன்னா வெட்டத்தான் செய்வான். வெட்டக் கூடாதுன்னா சேத்திருக்கவே கூடாது” என்றார் பெரியவர், அடுத்தவரிடம் கட்டையைத் தள்ளிக்கொண்டே.

ஐந்தாவது ஆளைப் பற்றிப் பெரிய கிரந்தங்கள் எழுதினாலும் இதைவிடத் தெளிவாகச் சொல்லிவிட முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. அங்கே வந்த மூன்று பதில்களையும் எடுத்துக்கொள்ளுங்கள். ‘ஆட்டம் முடியட்டும்’ என்பது ஒன்று. ‘கணக்கில் சேராமல் உருட்டட்டும்’ என்பது ஒன்று. ‘என்னோடு சேர்ந்துகொள்’ என்பது ஒன்று. முதல் பதில் கடுமையாகத் தோன்றுகிறது. இரண்டாவது கருணையாகத் தோன்றுகிறது. ஆனால் என் அபிப்பிராயத்தில் இந்த மூன்றிலும் மிகவும் மோசமானது அந்த இரண்டாவது பதில்தான்.

நம் மொழியில் அதற்கு ஒரு பெயரே இருக்கிறது: ஒப்புக்குச் சப்பாணி. குழந்தைகள் ஓடிப் பிடித்து விளையாடும்போது, அழுகிற தம்பியையோ தங்கையையோ சமாதானப்படுத்த இந்தப் பதவியைக் கொடுப்பார்கள். அது ஓடலாம், பிடித்தாலும் பிடித்ததாகக் கணக்கில்லை. பிடிபட்டாலும் பிடிபட்டதாகக் கணக்கில்லை. நடக்க இயலாதவர்களைக் குறிக்கிற ஒரு சொல்லை எடுத்து, கணக்கில் சேராதவர்களுக்குப் பட்டமாகச் சூட்டியிருக்கிறோம் என்பதையும் கவனிக்க வேண்டும். ஒரே சொல்லில் இரண்டு பேரை அவமதிக்கிற சாமர்த்தியம் நமக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை.

மூன்று வயதுக் குழந்தைக்கு இது ஒரு தற்காலிக உபாயம். அதனால் பாதகம் இல்லை. ஓடுவதே அதற்கு ஆனந்தம். ஆனால் எந்தக் குழந்தையும் அந்தப் பதவியில் நீண்ட நாள் இருப்பதில்லை. ஒரு நாள் அது மூத்தவனைப் பிடித்துவிட்டுக் கைகொட்டிச் சிரிக்கும். அவன் நிற்காமல் ஓடிக்கொண்டே இருப்பான். அப்போது அதன் முகத்தைப் பார்த்திருக்கிறீர்களா? தோற்ற முகம் அல்ல அது. தோற்றவனுக்கு அடுத்த ஆட்டம் உண்டு. இத்தனை நேரம் தான் ஆடவே இல்லை என்று அறிந்துகொண்ட முகம் அது.

பெரியவர்கள் பெரியவர்களுக்கு இந்தப் பதவியைக் கொடுக்கும்போதுதான் விஷயம் விபரீதமாகிறது. பெண்ணுக்கு மாப்பிள்ளை நிச்சயமாகி, தேதி குறித்து, சத்திரத்துக்கு முன்பணமும் கட்டியாகிவிட்டது. அதற்குப் பிறகு திண்ணையில் இருக்கும் தாத்தாவிடம் போய், “நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?” என்று கேட்கிறார்கள். அவர் என்ன சொல்வார்? “உங்கள் இஷ்டம்” என்பார். அவரையும் கேட்டுவிட்டோம் என்ற திருப்தி நமக்கு. அந்த வீட்டின் மருமகளுக்குப் பல வருஷங்களாக இதே பதவிதான். அவளிடம் இந்த ஒரு வார்த்தையும் கேட்காத வீடுகளும் உண்டு. தாத்தாவின் கையில் கட்டையைக் கொடுத்து உருட்டச் சொன்னோம். ஆனால் அது எப்படி விழுந்தாலும் நம் காய் நகர்கிற விதம் முன்பே முடிவாகிவிட்டது. அவர் ‘வேண்டாம்’ என்று சொல்லியிருந்தால் நாம் நின்றிருப்போமா? நின்றிருக்க மாட்டோம் என்றால் அவரைக் கேட்டதாகச் சொல்லிக்கொள்வது தகாது.

ஊர் விவகாரத்திலும் இதைப் பார்க்கிறோம். அரசியல் சட்டத்தின் 73-ஆவது திருத்தம் 1993-ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தபோது பஞ்சாயத்துகளில் மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு என்று ஆயிற்று. தமிழ்நாட்டில் 2016-ஆம் ஆண்டு அதைப் பாதியாக உயர்த்தினார்கள். நாற்காலிகள் வந்தன, பெண்கள் ஜெயித்து வந்து உட்கார்ந்தார்கள், பல இடங்களில் திறமையாக ஊரை நடத்தியும் காட்டினார்கள். ஆனால் சில இடங்களில் தலைவியின் பெயர்ப்பலகைக்குப் பின்னால் தலைவியின் கணவர் உட்கார்ந்து கட்டையை உருட்டிக்கொண்டிருப்பதையும் தேசம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. சட்டம் ஆட்டத்தில் சேர்த்த ஆளை வீடு ஒப்புக்குச் சப்பாணியாக்கிவிட்டது.

ஆகவே, ஒருவரைச் சேர்த்துக்கொண்டோமா இல்லையா என்பதற்குப் பரீட்சை ஒன்றுதான். அவர் நம் காயை வெட்ட முடியுமா? அவருடைய காயை நாம் வெட்டத் தயாராக இருக்கிறோமா? பல வீட்டுத் தாயத்தில், ஒரு காயையாவது வெட்டாதவர் உள்சுற்றுக்குள் போகக் கூடாது என்று விதி உண்டு. சின்ன வயதில் அது குரூரமான விதியாகத் தோன்றும். இப்போது யோசித்தால் அதில் ஒரு நியாயம் தெரிகிறது. யாருக்கும் நஷ்டம் உண்டாக்க முடியாதவனுக்கு ஆட்டத்தில் கனமே இல்லை; கனம் இல்லாதவன் பழம் பறித்தாலும் அது தானமாகக் கொடுத்த பழம்தான். ஒருவரைக் கணக்கில் சேர்ப்பது என்றால், அவரால் நாம் தோற்கக்கூடும் என்பதற்குச் சம்மதிப்பது. அந்தச் சம்மதம் இல்லாத உபசாரமெல்லாம் வெற்றுப் பாயை விரித்து விருந்துக்கு அழைப்பது போன்றது.

இங்கே ஒருவர் குறுக்கிடலாம். “அப்படியானால் வருகிறவர்களையெல்லாம் சேர்த்துக்கொண்டே போக வேண்டியதுதானா? பத்துப் பேர் ஏற வேண்டிய படகில் இருபது பேரை ஏற்றினால் என்ன ஆகும்?” நல்ல கேள்வி. படகு கவிழும். எண்களில் இரண்டு ஜாதி இருக்கிறது. ஒன்று, மீறினால் மூழ்குகிற எண். மற்றொன்று, மீறினால் காத்திருக்க வேண்டிய எண். படகின் எண் முதல் ஜாதி. அங்கே தாட்சண்யம் பார்க்கிறவன் ஏறினவர்கள் அத்தனை பேருக்கும் எமன். தாயக் கட்டத்தின் எண் இரண்டாவது ஜாதி. அதை மீறினால் யாரும் சாவதில்லை. நம்முடைய முறை கொஞ்சம் தாமதமாக வரும், அவ்வளவுதான். ‘இடமில்லை’ என்று உலகத்தில் சொல்லப்படுகிற பல சந்தர்ப்பங்களில், சொல்லுகிறவர் படகின் எண்ணைக் காட்டுகிறார். மனத்தில் இருப்பதோ தாயக் கட்டத்தின் எண். தமக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை என்று சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, எல்லாரும் மூழ்கிவிடுவோம் என்கிறார். எதிரில் நிற்பவருக்குப் பதில் சொல்வதற்குமுன், நம் கையில் இருப்பது எந்த எண் என்று நமக்கு நாமே கேட்டுக்கொள்வது நல்லது.

காத்திருக்கிற எண்தான் என்று தெரிந்துவிட்டால், இடம் பண்ணுவதற்கு இரண்டு வழிகள் உண்டு. இருப்பதைப் பங்கு போடலாம். அல்லது பலகையைப் பெரிதாக்கலாம்.

பங்கு போடுவது கடற்கரைக்குப் புதிதல்ல. மீன்பிடித் தொழிலில் கூலியைவிடப் பங்குதான் பழைய வழக்கம். பிடித்த மீனை விற்ற பணத்தில் செலவு போக, படகுக்கு இவ்வளவு, வலைக்கு இவ்வளவு, ஆட்களுக்கு இவ்வளவு என்று பிரிப்பார்கள். இன்னோர் ஆளை ஏற்றிக்கொண்டால் ஒவ்வொருவருக்கும் பங்கு கொஞ்சம் குறையும். வலை இழுக்க ஒரு கை கூடும். வலையில் ஒன்றும் விழாத நாளில் புதிதாக வந்தவனும் வெறுங்கையோடுதான் வீட்டுக்குப் போவான். தேங்காய்த்திட்டுப் பெரியவர் லாபத்தையும் நஷ்டத்தையும் ஒரே மூச்சில் பங்கிட்டது இந்தப் பழக்கத்தினால்தான் போலும்.

அதே புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் 1954-ஆம் ஆண்டு ஆட்சியை ஒப்படைத்துவிட்டுப் போன பிறகும் நிலைத்திருக்கிற ஓர் ஆட்டம் பெத்தாங்க். இரும்புக் குண்டுகளை எறிந்து, சிறிய மரக்குண்டுக்கு அருகில் யாருடையது நிற்கிறது என்று பார்க்கிற ஆட்டம். அதன் விதியில் ஓர் அழகு இருக்கிறது. கட்சிக்கு இரண்டு பேர் ஆடினால் ஆளுக்கு மூன்று குண்டு. கட்சிக்கு மூன்று பேர் ஆடினால் ஆளுக்கு இரண்டே குண்டு. எப்படி ஆடினாலும் மைதானத்தில் மொத்தம் 12 குண்டுகள்தான். மூன்றாவது ஆள் வந்தபோது மற்ற இருவரும் ஆளுக்கு ஒன்றைக் குறைத்துக்கொண்டார்கள். ஆட்டம் நீளவும் இல்லை, யாரும் கூடுதலாகக் காத்திருக்கவும் இல்லை. ஏறக்குறைய 1030-ஆம் ஆண்டில் அல்பிரூனி இந்தியாவில் கண்டு எழுதிவைத்த நாலு பேர் சதுரங்கமும் இப்படித்தான். அதே 64 கட்டம். ஆளுக்கு 16 காய்க்குப் பதிலாக எட்டு. மொத்தம் அதே 32.

ஆனால் பங்குக்கும் ஓர் எச்சரிக்கை வேண்டும். மகாபாரதத்தின் சபா பருவத்தில் ஒரு சூதாட்டம் நடக்கிறது. பணயம் வைப்பவன் துரியோதனன். காய் உருட்டுபவன் சகுனி. ஒருவனுக்காக இன்னொருவன் ஆடுவது முறையல்லவே என்று தருமன் ஆரம்பத்திலேயே சொல்லிப் பார்க்கிறான், பிறகு உட்கார்ந்துவிடுகிறான். சகுனி கையை நீட்டினானே தவிர, அவனுடையது என்று எதுவும் பணயத்தில் இல்லை. எதிர்ப்பக்கத்திலோ, ஆட்டத்தில் கலந்துகொள்ளாத தம்பிகளையும் திரௌபதியையும் பணயத்தில் வைத்தார்கள். கை இருந்தவனுக்கு நஷ்டம் இல்லை. நஷ்டப்பட்டவர்களுக்குக் கை இல்லை. பாரதப் போருக்குக் காரணம் ஆயிரம் சொல்லலாம். இந்த ஒன்றைச் சொன்னாலும் போதும். ‘என்னோடு சேர்ந்துகொள்’ என்பவர், கட்டையோடு பழத்தையும் வெட்டையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் அது பங்கு ஆகாது.

இரண்டாவது வழி, பலகையைப் பெரிதாக்குவது. அக்பர் சக்கரவர்த்தி அதைச் செய்தார். சௌபட் என்ற ஆட்டம் நாலு பேருக்கு உரியது. நம் தாயத்துக்கு வடநாட்டு உறவுக்காரன் என்று சொல்லலாம். அதை விஸ்தரித்துச் சந்தல் மண்டல் என்ற புதிய ஆட்டத்தைச் சக்கரவர்த்தி அமைத்ததாக அபுல் ஃபசல் ஐன்-இ-அக்பரியில் எழுதியிருக்கிறார். வட்டமாகச் சுற்றிப் பதினாறு கிளைகள்; 64 காய்கள்; ஆடுவோர் 16 பேர்.

பதினாறு பேர் ஆடி ஒருவர் ஜெயித்தால் மற்றப் பதினைந்து பேரும் தோற்றவர்கள். அத்தனை பேரை முகம் வாட வைத்து அனுப்பினால் மறுநாள் யார் வருவார்கள்? அக்பர் அதற்கும் வழி செய்தார். முதலில் முடித்தவருக்கு மற்றப் பதினைந்து பேரும் பணம் தர வேண்டும். இரண்டாவதாக முடித்தவருக்குப் பதினான்கு பேர். மூன்றாமவருக்குப் பதின்மூன்று பேர். இப்படியே கணக்குப் போட்டுப் பாருங்கள். எட்டாவதாக வந்தவர் ஏழு பேருக்குக் கொடுத்து, எட்டுப் பேரிடம் வாங்குகிறார். அவருக்கும் ஒரு பங்கு லாபம்! ஆளைக் கூட்டினால் மட்டும் போதாது, ஜெயிப்பதற்கு இருக்கிற படிகளையும் கூட்ட வேண்டும் என்பது சக்கரவர்த்திக்குத் தெரிந்திருந்தது.

நம் காலத்தில் ஜெர்மனியில் கிளாவுஸ் டொய்பர் 1995-ஆம் ஆண்டு வெளியிட்ட ‘காட்டான்’ என்ற பலகை ஆட்டம் உலகம் முழுவதும் பரவியிருக்கிறது. மூன்று அல்லது நாலு பேருக்கான ஆட்டம். மறுவருஷமே ஐந்து, ஆறு பேருக்கென்று தனியாக ஒரு துணைப் பெட்டி வெளியிட வேண்டியதாயிற்று. அதில் கூடுதல் நிலப் பலகைகள் இருந்தன. ஆனால் முக்கியமான மாற்றம் அதுவல்ல. ஒருவர் ஆடி முடித்ததும், மற்றவர்கள் தங்கள் முறை வராவிட்டாலும் தங்கள் வீடுகளையும் சாலைகளையும் கட்டிக்கொள்ளலாம் என்று ஒரு புது விதி சேர்த்தார்கள். காத்திருக்கிறவனுக்கும் கைக்கு ஏதாவது வேலை வேண்டும் என்பதை அவர்கள் கண்டுகொண்டார்கள். இடம் கொடுப்பது பாதி. காத்திருக்கும் நேரத்தைத் தாங்கும்படி செய்வது மறு பாதி.

பெரிய பலகைக்கும் ஓர் ஆபத்து உண்டு. அபுல் ஃபசலே சொல்கிறார்: சில சமயம் 200 பேருக்கு மேல் ஆட்டத்தில் கலந்துகொண்டார்களாம், பதினாறு ஆட்டம் முடியாமல் யாரும் வீட்டுக்குப் போகக் கூடாதாம். அழைத்தவர் சக்கரவர்த்தி, வரமாட்டேன் என்று சொல்ல யாருக்குத் தைரியம்? அந்த 200 பேரில் வீட்டில் விட்டு வந்த வேலையை நினைத்துக்கொண்டு எத்தனை பேர் உருட்டினார்களோ! எழுந்து போக உரிமை இல்லாத இடத்தில் உட்காரச் சொல்வதும் ஒருவிதச் சிறைதான். சேர்கிற உரிமையோடு விலகுகிற உரிமையையும் கொடுக்காத கூட்டத்தில், ஆள் எவ்வளவு அதிகமோ அவ்வளவு புழுக்கம்.

மீதி இருக்கிற முதல் பதிலுக்கும் நியாயம் செய்ய வேண்டும். ‘இந்த ஆட்டம் முடியட்டும்’ என்று சொன்னவரை நாம் வைய வேண்டியதில்லை. பல்லாங்குழி இருவருக்கான ஆட்டம். பலகைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். இரண்டு தோழிகள் அதன் முன்னால் மெல்லிய குரலில் பேசிக்கொண்டு சோழி அள்ளும்போது மூன்றாமவர் ஒதுங்கி நிற்பதுதான் மரியாதை. எல்லா வட்டமும் எல்லாருக்கும் எப்போதும் திறந்திருக்க வேண்டும் என்றால் உலகத்தில் நெருக்கம் என்ற ஒன்றே இராது. மறுப்பதற்கு உரிமை உண்டு. ஆனால் மறுக்கிறவர் இரண்டு காரியம் செய்ய வேண்டும். தாம் மறுப்பதை மறுப்பாகவே சொல்ல வேண்டும். ‘அடுத்த ஆட்டம் உனக்கு’ என்று வாக்குக் கொடுத்தால், அடுத்த ஆட்டத்தின்போது தோற்றவர் நிஜமாகவே எழுந்து இடம் விட வேண்டும். அந்த வாக்கை நம்பி ஒருவர் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார் என்பதை ஆட்டத்தின் மும்முரத்தில் மறந்துவிடக் கூடாது.

வருகிறவருக்கும் கடமை இருக்கிறது. நேற்று வந்தவன் என்ற சலுகையைக் காட்டித் தன் காயை வெட்டாதே என்று அவர் கேட்கக் கூடாது. தனக்குத் தெரிந்த ஊர் விதியைப் பாதி ஆட்டத்தில் நுழைக்கக் கூடாது. தன்னால் மற்றவர்களின் காத்திருப்பு நீண்டிருக்கிறது என்ற நினைவோடு தன் முறை வரும்போது யோசித்து யோசித்துக் கழுத்தறுக்காமல் சட்டென்று ஆட வேண்டும். இடம் கொடுத்தவர்களுக்கு நன்றி சொல்ல இதைவிட நல்ல வழி இல்லை.

கீழடியில் மண்ணைத் தோண்டியபோது பகடைக்காய்கள் கிடைத்தன. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பும் மனிதர்கள் சுற்றி உட்கார்ந்து உருட்டியிருக்கிறார்கள். உட்கார்ந்தவர்கள் எத்தனை பேர் என்று அந்தக் காய்களைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஆனால் அவர்களுக்குப் பின்னால் ஒருவர் நின்றுகொண்டு, நானும் வரட்டுமா என்று கேட்டிருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆட்டம் எவ்வளவு பழையதோ, அந்தக் குரலும் அவ்வளவு பழையது.

அந்தக் குரல் நம் வீட்டுக் கூடத்தில் கேட்கும்போது, வரலாம் என்றோ வரக் கூடாது என்றோ சொல்ல நமக்கு அதிகாரம் உண்டு. வா என்று சொல்லிவிட்டால், அவர் கையால் நம் காய் ஒன்று வெட்டுப்பட்டுத் தரைக்கு வரும் நாளும் வரும். அப்போது முகம் சிவக்காமல், காயை எடுத்து வைத்துக்கொண்டு, மறுபடியும் தாயம் விழுகிற வரையில் பொறுமையாக உருட்டிக்கொண்டிருக்க நம்மால் முடியுமா? முடியும் என்றால், தாராளமாக நகர்ந்து உட்கார்ந்து இடம் விடலாம்.